ஒரே கறுப்பு, இரண்டு ஆட்டம்: நியூ கினியின் லோஃபோரினாப் பறவைகள்

பாடம் செய்த இரண்டு சொர்க்கப் பறவைகளை ஒரு தட்டில் அருகருகே வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஏறக்குறைய மைனா அளவு. இரண்டும் கறுப்பு. இரண்டுக்கும் மார்பில் நீலமும் பச்சையும் கலந்து மின்னும் ஒரு கவசம், பிடரியில் மடித்துப் போட்ட சால்வை போல நீண்ட கறுப்பு இறகுகள். பழகாத கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பழகிய கண்ணுக்குத் தெரிந்ததும் சின்ன வித்தியாசம்தான். அதனால் ஒரே இனம், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறுகிறது, துணையினம் என்று எழுதிப் பல பத்தாண்டுகள் இழுப்பறையை மூடி வைத்திருந்தார்கள்.

இதே இரண்டு பறவைகளும் உயிரோடு ஒரு பெண் பறவைக்கு முன்னால் நிற்கும்போது கதை வேறு. ஒன்று முட்டை வடிவத் தட்டு போல விரிந்து துள்ளுகிறது. மற்றது பிறை போல வளைந்து பக்கவாட்டில் வழுக்குகிறது. இவை இரண்டு இனமா ஒன்றா என்ற கேள்விக்கு 2017-லும் 2018-லும் வந்த இரண்டு ஆய்வுகள் பதில் சொல்லின. அதற்கு அப்புறம் 2020-ல் பெயர்ப் பலகையே இடம் மாறியது. அந்த மூன்று கட்டங்களையும் வரிசையாகப் பார்க்கலாம்.

எந்தப் பறவை, எந்த மலை

நியூ கினித் தீவின் வரைபடமே ஒரு பறவை மாதிரி இருக்கும். மேற்கே தலை, நடுவில் பருத்த உடல், தென்கிழக்கில் நீண்டு இறங்கும் வால். தலைப் பகுதிக்கு டச்சுக்காரர்கள் ஃபோகல்கோப் என்று பெயர் வைத்தார்கள். இந்தோனேசிய மொழியில் கெபாலா புரூங். இரண்டுக்கும் பொருள் பறவைத் தலை என்பதுதான். சொர்க்கப் பறவைகள் வாழும் தீவுக்கு இப்படி ஒரு உருவம் அமைந்தது வெறும் தற்செயல். ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

உடல் பகுதியின் குறுக்கே, மேற்கிலிருந்து கிழக்காக, தீவின் முதுகெலும்பு போல ஒரு பெரிய மலைத்தொடர் ஓடுகிறது. தலைப் பகுதியில் ஆர்ஃபாக் மலைகள் தனியாக, கிட்டத்தட்ட மூவாயிரம் மீட்டர் வரை எழும்பி நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய கழுத்தும், பிந்துனி விரிகுடாவும், தாழ்நிலக் காடும். நம் பறவை ஆயிரம் மீட்டருக்கு மேலே உள்ள மலைக்காட்டுப் பிராணி. கீழே இறங்கி வெக்கைக் காட்டைக் கடந்து அடுத்த மலைக்குப் போகும் பழக்கம் அதற்கு இல்லை. கடல் சூழ்ந்த தீவில் மாட்டிக்கொண்டது போலத்தான், ஒவ்வொரு மலைக்கூட்டமும் தன் பறவைகளைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது.

இந்தக் கட்டுரை முழுக்க, பெரிய மலைத்தொடரில் இருப்பதை நடுமலைப் பறவை என்றும், தலைப் பகுதியில் இருப்பதை மேற்குப் பறவை என்றும் சொல்கிறேன். லத்தீன் பெயரை இப்போதே சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். காரணம் பின்னால் வருகிறது. தென்கிழக்கு வால் பகுதியில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதற்கு மைனர் என்று பெயர். ஆனால் நம் வழக்கு முதல் இரண்டுக்கும் இடையில்தான்.

பேரினத்தின் பெயர் லோஃபோரினா. இதன் நெருங்கிய சொந்தம் ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் வாழும் டிலோரிஸ் பேரினம். பெண் பறவைகள் செம்பழுப்பு மேனியும் கோடு போட்ட வயிறுமாக, காட்டில் உட்கார்ந்தால் கண்ணில் படாத தோற்றம். கூடு கட்டுவது, அடைகாப்பது, குஞ்சுக்கு ஊட்டுவது எல்லாம் அவள் பாடு. ஆணுக்கு ஆடுவது மட்டும்தான் வேலை. நம்மூர் மயில் போலவே, குடும்பப் பொறுப்பில்லாத ஆணுக்குத்தான் இந்த அலங்காரம் எல்லாம் வாய்த்திருக்கிறது.

நடுமலைப் பறவையின் ஆட்டம்

இதைப் பலர் காணொளியில் பார்த்திருப்பார்கள், பெயர் தெரியாமலேயே. கறுப்பு வட்டத்துக்குள் நீலமாக இரண்டு கண், கீழே நீலமாக ஒரு சிரிப்பு. யாரோ கணினியில் வரைந்த பொம்மை முகம் துள்ளுவது போல இருக்கும். பறவை என்று நம்பவே கொஞ்ச நேரம் ஆகும்.

ஆண் முதலில் காட்டுத் தரையில் விழுந்து கிடக்கும் ஒரு மரத்தண்டைப் பிடித்துக்கொள்கிறது. மேலே கிடக்கும் இலை, குச்சியை எல்லாம் தள்ளிச் சுத்தம் செய்கிறது. பிறகு கரகரத்த குரலில் கூப்பிடுகிறது. பெண் வந்து தண்டில் உட்கார்ந்ததும் முதல் கட்டம்: உடம்பை ஒடுக்கி, மார்புக் கவசத்தைப் பக்கவாட்டில் விசுக் விசுக்கென்று விரித்து மூடும். இது ஒரு முன்னோட்டம். அவள் ஓடிப் போகாமல் நின்றால் இரண்டாம் கட்டம்.

பிடரியில் கிடந்த சால்வை ஒரே வீச்சில் முன்பக்கமாக எழும்புகிறது. மார்புக் கவசம் இரு பக்கமும் அகலமாக விரிந்து அதனோடு சேர்கிறது. இப்போது முன்னால் நிற்கும் பெண்ணுக்குத் தெரிவது அலகோ, இறக்கையோ, காலோ இல்லை. முட்டை வடிவத்தில் ஒரு கறுப்புத் தட்டு. விரிந்த கவசம் அதில் சிரிப்பாகிறது. தலையில் மின்னும் சிறிய இறகுத் திட்டுகள் இரண்டு கண்களாகின்றன. உண்மையான கண் கறுப்புக்குள் எங்கோ மறைந்துவிடுகிறது. இந்தக் கோலத்தோடு ஆண் அவளைச் சுற்றி அரைவட்டமாகத் துள்ளுகிறது. ஒவ்வொரு துள்ளலுக்கும் விரலால் சொடக்குப் போட்டது போல ஒரு சத்தம். தாளம் தவறாது. அவள் திரும்பினால் அதுவும் திரும்பும். எப்போதும் தன் முகப்புறத்தையே அவளுக்குக் காட்டிக்கொண்டிருக்கும்.

இந்தக் கறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018-ல் வெளியான ஒரு ஆய்வு சில சொர்க்கப் பறவைகளின் கறுப்பு இறகுகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது. சாதாரணக் கறுப்பு இறகு தன் மேல் விழும் வெளிச்சத்தில் மூன்று நான்கு சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். லோஃபோரினா உள்ளிட்ட சில பறவைகளின் அலங்காரக் கறுப்பு 99.95 சதவீதம் வரை விழுங்கிவிடுகிறது. காரணம் நிறமி மட்டும் இல்லை. இறகின் நுண் இழைகள் தட்டையாகப் படுத்திருக்காமல், கிளைத்து, மேல்நோக்கி வளைந்து, அடர்ந்த புதர் போல நிற்கின்றன. உள்ளே போன ஒளி இழைக்கு இழை மோதி வெளியே வர வழியில்லாமல் தீர்ந்துபோகிறது. நுண்ணோக்கிக்காக இறகுகளின் மேல் தங்கப் பூச்சு பூசினார்கள். சாதாரணக் கறுப்பு இறகு தங்க நிறமானது. இது அப்போதும் கறுப்பாகவே இருந்தது. பக்கத்தில் இப்படி ஒரு இருட்டு இருப்பதால்தான் அந்த நீலம் விளக்குப் போட்டது போல எரிகிறது.

மேற்குப் பறவையின் ஆட்டம்

மேற்குப் பறவையிடமும் அதே சாமான்கள் உண்டு. அதே கறுப்புச் சால்வை, அதே நீலக் கவசம். ஆனால் சால்வை விரியும்போது முட்டை வடிவம் வருவதில்லை. இரு பக்கமும் முனை கூராகி, பிறை வடிவமாக நிற்கிறது. கவசம் அமரும் விதமும், கண் போன்ற திட்டுகள் தோன்றும் விதமும் மாறிவிடுகின்றன. அந்தச் சிரிப்பு முகம் எங்கே என்று தேடினால் கிடைக்காது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நடை. நடுமலைப் பறவை துள்ளும், மேற்குப் பறவை துள்ளாது. பக்கவாட்டில் வேகமாகச் சின்னச் சின்ன அடி வைத்து, எண்ணெய் தடவிய தண்டில் வழுக்குவது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்கிறது. உடம்பு மேலும் கீழும் ஆடுவதே இல்லை. ஒன்று தவில் அடிக்கு ஆடுகிறது, மற்றது நாகசுரத்தின் இழுப்புக்கு ஆடுகிறது என்று சொல்லத் தோன்றுகிறது. கூப்பிடும் குரலும், ஆட்டத்தோடு வரும் சத்தமும்கூட வேறு.

இதைப் பதிவு செய்தவர்கள் எட்வின் ஸ்கோல்ஸும் டிம் லேமனும். ஒருவர் கார்னெல் பறவையியல் மையத்தின் ஆய்வாளர், மற்றவர் உயிரியல் படித்த புகைப்படக்காரர். 2004 முதல் 2011 வரை 18 பயணங்கள் போய், அன்றைக்குப் பட்டியலில் இருந்த 39 சொர்க்கப் பறவை இனங்களையும் காட்டிலேயே படம் எடுத்தவர்கள். இப்படி எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர்களுக்கே மேற்குப் பறவையின் முழு ஆட்டம் கைக்கு எட்டாமல்தான் இருந்தது. 39-ல் ஒன்றாக லோஃபோரினாவைக் குறித்துவிட்டால், இன்னொரு மலையில் இருக்கும் அதே பறவைக்காகத் தனியாக மெனக்கெட யாருக்குத் தோன்றும்? துணையினம் என்ற சொல்லுக்கு இப்படி ஒரு கெட்ட குணம் உண்டு. 'பார்த்தாயிற்று' என்ற நினைப்பைக் கொடுத்துவிடும்.

முதலில் டிஎன்ஏ, அப்புறம் ஆட்டம்

இந்த வழக்கில் எனக்குப் பிடித்தது சான்றுகள் வந்த வரிசை. 2017-ல் ஐரெஸ்டெட் என்பவரும் அவருடைய குழுவினரும் லோஃபோரினா, டிலோரிஸ் இரண்டு பேரினங்களின் டிஎன்ஏவையும் இறகு அமைப்பையும் ஒப்பிட்டு, லோஃபோரினா ஒரே இனம் இல்லை, மூன்று இனம் என்றார்கள்: நடுமலை, மேற்கு, தென்கிழக்கு. மூன்றில் தோற்றத்தில் அதிகம் விலகியிருப்பது மேற்குப் பறவை என்றும், அந்த இறகு வித்தியாசத்தால் ஆட்டத்தின்போது அதன் உருவமே வேறாகத் தெரியக்கூடும் என்றும் ஊகித்தார்கள். அவர்கள் கையில் இருந்தது செத்த பறவைகளின் தோல். அதை வைத்து, உயிருள்ள பறவை எப்படித் தோன்றும் என்று முன்கூட்டியே சொன்னார்கள்.

அடுத்த ஆண்டே ஸ்கோல்ஸும் லேமனும் காட்டில் எடுத்த பதிவுகளோடு வந்தார்கள். ஊகம் சரியாகத்தான் இருந்தது. கோலத்திலும் நடையிலும் சத்தத்திலுமாக ஆறு முக்கிய வேறுபாடுகளைக் குறித்து, தனி இனம் என்ற முடிவு நிற்கும் என்றார்கள். ஒருவர் சொன்னதை வேறொருவர், வேறொரு வகைச் சான்றோடு சோதித்துப் பார்த்த வேலை இது. இனங்களைப் பிரிக்கும் எல்லா ஆய்வுகளும் இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை.

சரி, ஆட்டம் வேறாக இருந்தால் இனமும் வேறு என்று சொல்லிவிடலாமா? இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தனி இனம் என்பதற்கு நாம் பள்ளியில் படித்த வரையறை, தங்களுக்குள் கூடி இனம் பெருக்கும், பிறரோடு கூடாத கூட்டம் என்பது. 1942-ல் அதைத் திருத்தமாக வகுத்தவர் பறவையியலாளர் எர்ன்ஸ்ட் மயர். நம் இரண்டு பறவைகளும் காட்டில் சந்திப்பதே இல்லை. நடுமலைப் பெண் மேற்கு ஆணின் வழுக்கலைப் பார்த்து முகம் திருப்புவாளா, மயங்குவாளா என்பதைச் சோதிக்க இயற்கை வாய்ப்புக் கொடுக்கவில்லை.

ஆட்டம் ஒரு வேலி என்றால், அந்த வேலி தாண்டக்கூடியது என்பதற்கும் பழைய சான்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பியத் தொப்பிகளுக்காக நியூ கினியிலிருந்து இறகுத் தோல்கள் மூட்டை மூட்டையாகப் போயின. அவற்றுக்கு நடுவே யாருக்கும் பிடிபடாத விசித்திரப் பறவைகள் அவ்வப்போது தலைகாட்டின. புதிய இனம் என்று ராஜா ராணி பெயரெல்லாம் வைத்தார்கள். 1930-ல் பெர்லினைச் சேர்ந்த பறவையியலாளர் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் அவற்றை எடுத்துப் பார்த்து, பல கலப்புப் பறவைகளே என்று காட்டினார். டச்சு அரசி வில்ஹெல்மினாவின் பெயரைத் தாங்கிய பறவையின் பெற்றோரில் ஒன்று நம் லோஃபோரினா. மற்றது டிஃபில்லோடஸ் என்ற, தரையில் களம் பெருக்கிச் செங்குத்தான இளஞ்செடியைப் பற்றிக்கொண்டு ஆடும் சொர்க்கப் பறவை. ஆட்டம், கோலம், நிறம் எதுவும் ஒத்துப்போகாத ஜோடி. இருந்தும் எங்கோ ஒரு பெண் சம்மதித்திருக்கிறாள்.

ஆகவே ஆட்டத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் நான் ஏற்கத் தயங்குவேன். ஆனால் இங்கே டிஎன்ஏ ஒன்று சொல்கிறது, இறகு அமைப்பு அதையே சொல்கிறது, மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளம் அதற்குக் காரணம் காட்டுகிறது, கடைசியில் ஆட்டமும் வந்து சேர்கிறது. நாலும் ஒரே பக்கம் சாயும்போது பிரிப்பதுதான் நேர்மை. அதோடு, ஒரு பெண் பறவை தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பது இந்த ஆட்டத்தைத்தான். தலைமுறை தலைமுறையாக அவளுடைய ரசனை எப்படிப் போனதோ அப்படித்தான் ஆணின் சால்வையும் வளர்ந்திருக்கும். இழுப்பறையில் மடங்கிக் கிடக்கும் சால்வையில் அவள் பார்த்தது எதுவும் மிஞ்சியிருக்காது.

பெயர் விவகாரம்

இனி லத்தீன் பெயர். இதுதான் இந்த வழக்கின் வேடிக்கையான பகுதி.

பியர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1776-ல் நியூ கினிப் பயணம் என்று ஒரு புத்தகம் போட்டார். அதில் இந்தப் பறவையின் படம் உண்டு. 'சூப்பர்ப்' என்று பட்டப்பெயரும் உண்டு. ஆனால் சொன்னரா நியூ கினியில் கால் வைக்கவில்லை. நியூ கினிக்கு மேற்கே உள்ள மொலுக்கஸ் தீவுகள் பக்கம் கெபே தீவு வரை போய், வியாபாரத்தில் வந்த தோல்களை வாங்கிக்கொண்டு திரும்பியவர். ஆஸ்திரேலியாவின் கூக்கபரா மீன்கொத்தியையும், போதாததற்குப் பெங்குவின்களையும் நியூ கினிக் கணக்கில் எழுதிவைத்தவரும் இவரே. அந்த மீன்கொத்தியின் லத்தீன் பெயரில் நியூ கினி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதே சொன்னரா பிறகு பல ஆண்டுகள் புதுச்சேரியில் இருந்தார். நம் மலைகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியின் லத்தீன் பெயரில் இருப்பது அவர் பெயர்தான்.

1781-ல் ஃபோர்ஸ்டர் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் நம் பறவைக்கு முறைப்படி சூப்பர்பா என்று பெயர் சூட்டினார். அவருக்கு ஆதாரம் பாரிஸில் அச்சான ஒரு வண்ணப்படம். அந்தப் பறவை எந்த மலையில் பிடிபட்டது என்று சீட்டு எதுவும் கிடையாது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்குத் தோல்கள் வந்த வழி மொலுக்கஸ் வியாபாரிகளின் வழி. அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தது நியூ கினியின் தலைப் பகுதி. நடுமலைத்தொடரின் உள்நாட்டுக்கு வெளியார் நுழைந்ததே இருபதாம் நூற்றாண்டில்தான்.

அடுத்து மயர். வரையறை வகுத்த அதே மயர், ஸ்ட்ரெஸ்மனின் மாணவர். 1928-ல், 23 வயதில், தலைப் பகுதிக் கரையில் உள்ள மனோக்வாரியில் வந்து இறங்கி ஆர்ஃபாக் மலை ஏறினார். தான் இனம் பிரித்த 137 பறவைகளில் 136-க்கு அங்குள்ள மக்கள் தனித்தனிப் பெயர் வைத்திருந்ததைக் கண்டு அசந்துபோனதாகப் பிற்காலத்தில் அடிக்கடி சொல்வார். கழுத்துப் பகுதியில் உள்ள வண்டமென் தீபகற்பத்து மலையிலிருந்து அவர் கொண்டுவந்த லோஃபோரினாவுக்கு 1930-ல் நியெட்டா என்று துணையினப் பெயர் கொடுத்தார்.

2017 ஆய்வுக்காரர்கள் மூன்றாகப் பிரித்தபோது எந்தப் பெயர் எதற்கு என்ற கேள்வி வந்தது. பழைய வகைமாதிரி, அதாவது பெயர் சூட்ட ஆதாரமாக இருந்த பறவை, கைவசம் இல்லை என்று கருதி, நடுமலைப் பறவை ஒன்றை மாற்று வகைமாதிரியாக நிறுத்தினார்கள். அதனால் சூப்பர்பா நடுமலைக்குப் போனது. மேற்குப் பறவைக்கு மயரின் நியெட்டா கிடைத்தது. ஸ்கோல்ஸ், லேமனின் 2018 ஆய்வும் அந்தப் பெயர்களையே பயன்படுத்தியது. 2020-ல் வேறொரு குழு எழுந்து, இந்த மாற்று மாதிரி பெயரிடல் விதிகளுக்குப் பொருந்தாது, ஃபோர்ஸ்டர் பெயர் வைத்தது மேற்குப் பறவைக்கே என்று வாதாடியது. பறவைப் பட்டியல்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன. இப்போது மேற்குப் பறவைதான் லோஃபோரினா சூப்பர்பா. நியெட்டா மறுபடி துணையினமாக, வண்டமென் மலையோடு நின்றுவிட்டது. நடுமலைப் பறவை லோஃபோரினா லாட்டிபென்னிஸ்.

விளைவு என்னவென்றால், 2018 ஆய்வைப் படிக்கும் மாணவர் அதில் சூப்பர்பா என்று இருக்கும் இடமெல்லாம் லாட்டிபென்னிஸ் என்றும், நியெட்டா என்று இருக்கும் இடமெல்லாம் சூப்பர்பா என்றும் மனசுக்குள் மாற்றிக்கொண்டே போக வேண்டும். பெயரை வைத்துத் தேடினால் தப்பான பறவைதான் வந்து நிற்கும். அதனால்தான் மேற்கு, நடுமலை என்று முதலிலேயே பிரித்துக்கொண்டேன். நீங்கள் களத்துக்கோ காணொளிக்கோ போனால் கால்களைப் பாருங்கள். துள்ளினால் நடுமலை, வழுக்கினால் மேற்கு.

பிரித்ததால் என்ன ஆகிறது

துணையினமாக இருந்தவரை மேற்குப் பறவைக்குத் தனிக் கணக்கு இல்லை. ஒட்டுமொத்த லோஃபோரினாவும் தீவு முழுக்கப் பரவலாக இருக்கும் பறவை, கவலையில்லை என்பதே பதிவு. தனி இனமானதும், பறவைத் தலைப் பகுதிக்கே உரிய சொர்க்கப் பறவைகளில் இது நான்காவது ஆகிறது. மற்ற மூன்றும் ஆர்ஃபாக் அஸ்ட்ராபியா, நீண்டவால் பாரடிகல்லா, மேற்குப் பரோட்டியா. உலகில் வேறெங்கும் இல்லாத நான்கு இனங்கள் ஒரு தீபகற்பத்து மலைகளுக்குள். இந்த எண்ணிக்கையைக் காட்டித்தான் 2018 ஆய்வு அந்தக் காட்டுக்குக் கூடுதல் பாதுகாப்புக் கேட்டது.

அந்த மலைகளுக்கு நேர் கீழே, மனோக்வாரிக் கரையில் அன்றைக்கு டோரே என்று இருந்த ஊரில், 1858-ல் இயற்கையியலாளர் ஆல்ஃப்ரெட் ரஸல் வாலஸ் சில மாதங்கள் தங்கியிருந்தார். சொர்க்கப் பறவைகளுக்காகவே வந்தவர். கணுக்காலில் பட்ட காயம் புண்ணாகி, நடக்க முடியாமல் குடிசையிலேயே முடங்கினார். அரிய சொர்க்கப் பறவைகள் உள்நாட்டு மலைகளில் இருந்தன. வாலஸ் அங்கே போகவே இல்லை.